டெல்லிக் குளிர்காலப் பயணத்தின் கடைசி நாள்: மூடுபனியை மதித்து ஊர் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

"காலை ஆறே முக்காலுக்கு ஃப்ளைட். ஒன்பதரைக்கு மீனம்பாக்கம். மத்தியானம் வீட்டுல ரசம் சாதம்" என்று சொல்லிவிட்டுத்தான் என் பெரியம்மா ஒரு ஜனவரி இரவில் படுக்கப் போனார். மறுநாள் பிற்பகல் இரண்டரை வரை அவர் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை மாத்திரை, மூட்டுவலித் தைலம், மாற்றுக் காலுறை எல்லாம் பெட்டிக்குள், பெட்டியோ விமானத்துக்குள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஒரு சுவர் மட்டும் தெரிந்தது.

டெல்லியில் பதினான்கு குளிர்காலங்கள் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். பத்து நாள் பயணத்தை அழகாகத் திட்டமிட்டு வருகிறவர்களும் கடைசி நாளை மட்டும் "அன்னிக்குக் கிளம்பறதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். டெல்லிக் குளிர்காலத்தில் அதிகக் கவனம் கேட்கிற நாள் அதுதான். அந்த நாளைக் காலையிலிருந்து மாலைக்குப் போடாதீர்கள். ரயிலோ விமானமோ புறப்படும் நேரத்தை முதலில் எழுதிவைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நடுவில் எஞ்சும் பகல் வெயிலைத்தான் ஊர் சுற்ற வைத்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போதே தொடங்குகிறது

கடைசி நாளின் பாதி, டிக்கெட் எடுக்கிற அன்றே முடிவாகிவிடுகிறது. அதற்கு மூடுபனி எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளி முழுவதும் இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். காற்று அசையாது. மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிருந்தால் தரையை ஒட்டி ஈரமும் இருக்கும். அந்த ஈரம் குளிர்ந்து, தரையோடு தரையாகப் படுத்துவிடும். நள்ளிரவுக்குப் பின் கெட்டியாகி, விடியற்காலையில் உச்சத்துக்குப் போய், வெயில் ஏறிய பிறகு ஒன்பது, பத்து மணி வாக்கில் மெல்லக் கலையும். சில நாட்கள் நண்பகல் வரைகூட நிற்கும்.

டெல்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் தூரமே கண்ணுக்குத் தெரிந்தாலும் தரையிறங்க உதவும் கருவி இருக்கிறது. விமானத்திலும் அதற்கான வசதி இருக்க வேண்டும், விமானியும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். புறப்படுவதற்கோ பொதுவாக 125 மீட்டராவது தெரிய வேண்டும். ஆக, உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் பத்திரமாக வந்து இறங்கிய பிறகும், கிளம்ப முடியாமல் நிற்கலாம். டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரை மூடுபனிக் காலம் என்று விமானத் துறையே தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது.

எனவே இந்த மாதங்களில் டெல்லியிலிருந்து கிளம்ப நல்ல நேரம் நண்பகல் பன்னிரண்டிலிருந்து மாலை நாலு வரை. விடியற்காலை விமானம் மலிவாக இருக்கும், அதற்காக எடுக்காதீர்கள். கடைசி இரவு விமானமும் நல்லதல்ல. ஒரே விமானம் நாள் முழுக்க நாலைந்து ஊர்களுக்குப் போய்வரும். காலையில் விழுந்த தாமதம் ஊர் ஊராகக் கூடிக்கொண்டே வந்து ராத்திரி உங்கள் தலையில் விழும்.

ரயிலில் இந்தத் தேர்வு இல்லை. சென்னைக்கான தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் புது டெல்லி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. கன்னியாகுமரி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், சென்னை ராஜ்தானி, துரந்தோ எல்லாம் ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து. கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக்காரர்கள் பிடிக்கும் கேரளா எக்ஸ்பிரஸ் புது டெல்லியிலிருந்து. டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு முறை படித்துப் பாருங்கள். நிஜாமுதீன் ரயிலுக்குப் புது டெல்லியில் போய் நின்று, சாலை நெரிசலில் ஏழெட்டுக் கிலோமீட்டர் பதறிக்கொண்டு ஓடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: ஊர் சேர்ந்த மறுநாளே அலுவலகம், பரீட்சை, கல்யாணம் என்று எதையும் வைக்காதீர்கள். ஒரு நாள் இடைவெளி விட்டுவிட்டால் இந்த வழிகாட்டியில் உள்ள பாதிக் கவலை போய்விடும்.

இரண்டு நாள் முன்பு

துணி துவைப்பதை நிறுத்துங்கள். நம் ஊர் நினைப்பில் முந்தின நாள் ராத்திரி பனியன், ஜீன்ஸ் எல்லாம் அலசிப் போட்டால் காலையில் அப்படியே சொட்டும். ஈரத்துணியைப் பெட்டியில் அடைத்தால் சென்னை போய்த் திறக்கும்போது வாடை வீட்டைத் தூக்கும். ஊருக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு செட் துணியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

விமானம் என்றால் டெர்மினல் எது என்று பாருங்கள். டெர்மினல் 2, 3 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடந்தே போகலாம். டெர்மினல் 1 வேறு பக்கம். நிறுவனங்கள் டெர்மினல் மாறுவது உண்டு என்பதால் டிக்கெட் எடுத்தபோது பார்த்ததை நம்பாமல், கிளம்புவதற்கு முன் மறுபடி பாருங்கள்.

ரயில் என்றால் தெற்கிலிருந்து டெல்லிக்கு வந்துகொண்டிருக்கும் அதே பெயர் ரயில் எவ்வளவு தாமதம் என்று 139-லோ ரயில்வே செயலியிலோ கவனிக்கத் தொடங்குங்கள். நெடுந்தூர ரயில்களில் வந்த பெட்டிகளையே சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது பரவலான வழக்கம். வருகிற ரயில் எட்டு மணி நேரம் தாமதம் என்றால், உங்கள் ரயிலின் புறப்பாட்டு நேரமும் மாறக்கூடும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளலாம். மூடுபனியில் ஓட்டுநருக்குச் சிக்னலே தெரியாது. அடுத்த சிக்னல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜிபிஎஸ் கருவி இப்போது எஞ்சினில் உண்டு. சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் சிறு வெடிகளைக் கட்டி, சக்கரம் ஏறும்போது வரும் சத்தத்தால் எச்சரிக்கிற பழைய வழக்கமும் இன்னும் போகவில்லை. வண்டி மெதுவாகப் போவது உங்கள் உயிருக்காகத்தான். கோபம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு

பெட்டி கட்டுவதில் ஒரே ஒரு கொள்கைதான். பெட்டி நம் கையை விட்டுப் போனாலும் கைப்பையை வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டு வேளை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஊசி, மருத்துவர் சீட்டு, குழந்தைக்குப் பால்பொடி, ஒரு சால்வை, மாற்றுக் காலுறை, பிஸ்கட், சார்ஜர் ஆகியவை கைப்பையில். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட விடமாட்டார்கள். ஊறுகாய், நெய் வழியும் அல்வா, மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடி இவற்றைப் பெட்டிக்குள் வையுங்கள். சோதனையில் எடுத்து வைத்துவிட்டால் மனம் நொந்துபோகும்.

உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. குளிர்கால உடை எடையைத் தின்றுவிடும் என்பதால் கனமான ஜாக்கெட்டையும் ஷூவையும் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். ஆனால் அடுக்கடுக்காகப் போடுங்கள். உள்ளே பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட். டெல்லியில் விடியற்காலை ஐந்தாறு டிகிரி, அன்று மத்தியானமே சென்னையில் இருபத்தெட்டு. ஒவ்வொன்றாகக் கழற்ற முடிய வேண்டும். தெர்மல் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினால் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்கிறேன். சின்ன விடுதிகளிலும் தர்மசாலைகளிலும் குளிர் தாங்காமல் அங்கீட்டி எனப்படும் கரி அடுப்பைக் கொண்டுவந்து அறைக்குள் வைப்பார்கள். அன்பாகத்தான் தருவார்கள். மறுத்துவிடுங்கள். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ வாசனையோ இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. இன்னொரு ரஜாய் (பஞ்சுப் போர்வை) கேளுங்கள், மின்சார ஹீட்டர் கேளுங்கள். கரி மட்டும் வேண்டாம்.

காலை பத்து வரை எங்கும் போகாதீர்கள்

கடைசி நாள் என்ற பரபரப்பில் ஆறு மணிக்கே இந்தியா கேட் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் எழுவதே ஏழேகால். எழுந்தாலும் தெரியாது. இந்தியா கேட் முன்னால் நின்றுகொண்டே இந்தியா கேட் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் காற்றும் மோசம். வாகனப் புகையும் தூசியும் மேலே போக வழியின்றித் தரையோடு நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், குழந்தைகள் வெயில் வந்த பிறகு வெளியே வருவதே நல்லது. துணி முகக்கவசம் இந்தத் தூசிக்கு உதவாது, என்95 வேண்டும்.

அதற்குள் நிதானமாகக் கீசர் போட்டுக் குளித்து, காலை உணவு முடித்து, அறையைக் காலி செய்யுங்கள். பெரும்பாலான விடுதிகளில் பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள், அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். இரவு ரயில் என்றால் நிலையத்து க்ளோக் ரூமிலும் வைக்கலாம். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள் என்பதால் சின்னப் பூட்டு ஒன்று வாங்கி வையுங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஒரே ஓர் இடம்

இரவு ரயில் என்றால் சுமார் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை உங்களுக்குக் கிடைக்கும், மத்தியானமே கிளம்புகிறவர்களுக்கு அதிலும் குறையும். ஜனவரி முதல் வாரத்தில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும், குளிர் நாலரைக்கே இறங்கத் தொடங்கும். இந்த ஐந்து மணி நேரத்தில் மூன்று இடம் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒன்று போதும். அது நீங்கள் கிளம்பப் போகும் நிலையத்தின் பக்கமாக இருக்கட்டும்.

நிஜாமுதீன் ரயில் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹுமாயூன் கல்லறையும் அதை ஒட்டிய சுந்தர் நர்சரியும்தான். நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்கள். 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தச் சிவப்புக்கல் மாளிகையை 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று சொல்வது வெறும் பேச்சல்ல, நேரில் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆனால் கடைசி நாளுக்கு நான் சொல்வது பக்கத்தில் உள்ள சுந்தர் நர்சரியைத்தான். பழைய அரசுத் தாவரப் பண்ணையைப் பல ஆண்டுகள் சீரமைத்து 2018-இல் திறந்தார்கள். சுமார் 90 ஏக்கர். நடுவே நீரோடை, பழைய கல்லறைக் கட்டடங்கள், குளிர்காலம் முழுக்கப் பூக்கள்.

டெல்லிக்காரர்கள் குளிர்கால விடுமுறை நாளில் செய்யும் ஒரே வேலை அங்கே நடக்கும். வெயில் காய்வது. புல்லில் விரிப்பைப் போட்டு, தோலோடு வறுத்த வேர்க்கடலையும் கின்னோ ஆரஞ்சும் உரித்துக்கொண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் வெயில் என்றால் ஒதுங்கும் பொருள். இங்கே அதைத் தேடி வந்து உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறார்கள். பத்து நாள் கோட்டையும் கல்லறையுமாக அலைந்த என் அத்தை மகள், கடைசி நாள் இங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "இப்பதான் டெல்லி பாத்தேன்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

புது டெல்லி நிலையம் என்றால் பழைய டெல்லிக்குப் போங்கள். மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் சாவ்ரி பஜார், அடுத்தது சாந்தினி சௌக், அவ்வளவுதான். செங்கோட்டையிலிருந்து பதேபுரி வரையான பெரிய தெருவில் பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, எனவே பெரியவர்களோடும் நடக்கலாம். அங்கே குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட்டைத் தவறவிடாதீர்கள். சாட் என்ற பெயரைப் பார்த்துக் காரம் என்று நினைத்துவிட வேண்டாம், இது இனிப்பு. பாலையும் க்ரீமையும் ராத்திரிக் குளிரில் வைத்து, விடியற்காலையில் கடைந்து கடைந்து நுரையை மட்டும் வழித்தெடுப்பார்கள். குங்குமப்பூ, கோவா, சர்க்கரைப் பொடி தூவித் தொன்னையில் தருவார்கள். வாயில் வைத்தால் கரையும் என்று சொல்வதுகூடத் தவறு, கரைவதற்கே அங்கு ஒன்றும் இருக்காது, மணம் மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும் என்பதால் சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடும். பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். கினாரி பஜார், தரீபா கலான் சந்துகளில் வெள்ளைத் துணி மூடிய தாம்பாளத்தோடு நிற்பார்கள்.

டெர்மினல் 1 விமானம் என்றால் எனக்கு மிகப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர், அதாவது உத்தர சுவாமிமலை. சிறு குன்றின்மேல் முருகன். "யாமிருக்க பயமேன்" என்று பெரிய எழுத்தில் தமிழ் நம்மை வரவேற்கும். மெஜந்தா மெட்ரோவில் வசந்த் விஹார் நிலையத்தில் இறங்கினால் பக்கம், அதே வழித்தடம் நேராக டெர்மினல் 1 போகிறது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றுக்கு முன் போய்விடுவது நல்லது. ஊர் திரும்பும் நாளில் அங்கே போய் நின்றால் மனசு பாதி வழி ஊர் வந்துவிடும்.

வாங்க வேண்டியவை, மூடியிருப்பவை

செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் நான்குக்கும் திங்கள் விடுமுறை. கரோல் பாக், லஜ்பத் நகர், சரோஜினி நகர் சந்தைகளுக்கும் திங்கள்தான். சாந்தினி சௌக் கடைகளும் கன்னாட் பிளேஸில் பலவும் ஞாயிறு மூடும். திங்கள்கிழமை கிளம்புகிறவர்களுக்கு ஐஎன்ஏ மெட்ரோ பக்கத்திலுள்ள தில்லி ஹாட் கைகொடுக்கும்.

ஊருக்கு எடுத்துப்போக கஜக், ரேவ்டி இரண்டும் சிறந்தவை. எள்ளும் வெல்லமும். நம் எள்ளுமிட்டாய்க்கு அக்கா தங்கை மாதிரி, ஆனால் கஜக் அடுக்கடுக்காக நொறுங்கும். மாதக்கணக்கில் கெடாது. கேரட் அல்வா குளிர்காலச் சிவப்புக் கேரட்டில் செய்வது, நம் ஊர்க் கேரட்டில் அந்த நிறமும் ருசியும் வராது. அதை இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். அக்ரூட், பாதாம், உலர் பழங்களுக்குப் பதேபுரியை ஒட்டிய காரி பாவ்லி. ஸ்வெட்டர் வாங்குவதென்றால் பயணத்தின் முதல் நாளில் வாங்கியிருக்க வேண்டும், கடைசி நாளில் வாங்கி மதுரையில் என்ன செய்வது?

குளிருக்காக வாங்கி, இனி தேவைப்படாது என்று தெரிகிற ஸ்வெட்டரோ போர்வையோ இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள். விடுதி வாசலில் ராத்திரியெல்லாம் குப்பையையும் குச்சியையும் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தாரே காவலாளி, அவர் கையில் கொடுங்கள். எடையும் குறையும், அவருக்கு அந்த ஜனவரி கொஞ்சம் எளிதாகும்.

நிலையத்துக்குப் போகும் வழி

டெர்மினல் 3-க்குப் புது டெல்லியிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ இருக்கும்போது டாக்சியை நம்பாதீர்கள். இருபது நிமிடம்தான். சாலையில் நாற்பது நிமிடமும் ஆகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். இந்த மெட்ரோ நிலையம் புது டெல்லி ரயில் நிலையத்தின் அஜ்மேரி கேட் பக்கம். எதிர்ப்பக்கமான பஹார்கஞ்சில் தங்கியிருந்தால் பெட்டியோடு பாலம் ஏறிக் கடக்க வேண்டும், அதற்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற மெட்ரோக்களில் காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து எட்டு நேரத்தில் பெட்டியோடு ஏறாதீர்கள். ராஜீவ் சௌக்கில் ரயில் மாறுவதைக் கட்டாயம் தவிருங்கள். எல்லாப் பையும் எக்ஸ்ரே கருவிக்குள் போக வேண்டும், வரிசை நீளும்.

ஜனவரி 26-ஐ ஒட்டிய வாரம் தனிக் கணக்கு. அணிவகுப்பு ஒத்திகைக்காகச் சமீப ஆண்டுகளில் காலை 10.20 முதல் 12.45 வரை விமானப் போக்குவரத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். அணிவகுப்பு நடக்கும் கர்தவ்ய பாதையைச் சுற்றிச் சாலைகள் அடைபடும், 23-ஆம் தேதி முழு ஒத்திகை நாளில் நடு டெல்லி நகராது. அந்த வாரத்தில் கிளம்புகிறவர்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.

தாமதம் என்று செய்தி வந்தால்

விமானம் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்தாலும் நிலையத்துக்கு உரிய நேரத்தில் போய்விடுங்கள். பனி திடீரென்று கலைந்தால் நேரத்தை முன்னுக்கு இழுப்பதும் நடக்கும். வானிலையால் வந்த தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். விமானம் ரத்தானாலும் அப்படியே. வரிசையில் ஒருவர் நிற்கும்போதே இன்னொருவர் செல்பேசிச் செயலியில் அடுத்த நாள் மத்தியான விமானத்துக்கு மாற்றப் பாருங்கள், பெரும்பாலும் செயலிதான் முந்தும்.

ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போக வேண்டாம் என்று முடிவெடுத்தால் கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். அதற்கு டிடிஆர் (TDR) எனப்படும், பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவைப் பதிய வேண்டும், ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே பதிய வேண்டும். கிளம்பிய பின் பதிந்து பணம் இழந்தவர்கள் பலர். போவதென்றே முடிவு செய்தால் நடைமேடையில் உட்காராதீர்கள், அங்கே காற்று எலும்பைத் தொடும். காத்திருப்பு அறைக்குப் போங்கள். சாப்பாட்டை ஒரு வேளைக்குக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். சென்னை வரை 2,182 கிலோமீட்டர், ஆக்ராவைத் தாண்டும் வரை வண்டி தவழும். ஜான்சி, போபால் என்று தெற்கே வரவர வேகம் பிடிக்கும், குளிரும் ஒவ்வொரு நிலையமாகக் கழன்றுகொண்டே வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கம்பளி உடைகளை அப்படியே பரணில் போடாதீர்கள், டெல்லித் தூசி அதில் ஏறியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புத்தூள் போட்டு அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் படுக்கையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை நீண்டுவிடும். நன்றாகக் காய்ந்த பின் பழைய பருத்திப் புடவையில் சுற்றி, ஒரு துண்டு வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ நடுவில் வைத்துக் கட்டிவிடுங்கள். என் பெரியம்மா அன்று போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர் இப்படித்தான் ஒன்பது வருடமாக இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு முறை டெல்லி வந்துவிட்டுப் போனார், இரண்டு முறையும் மத்தியான விமானத்தில்.